வீட்டு முகவரி வேறு, தபால் முகவரி வேறு

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் க்ரீன் கார்டு உண்டு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டதால் குடும்பத்தோடு மதுரைக்குப் போய் எட்டு மாதம் இருக்கப்போகிறோம். அபார்ட்மென்ட் லீஸ் இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது. வரும் தபால்களை ஸ்கேன் செய்து அனுப்பும் விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். படிவம் 1583-ஐ நிரப்பி, சாட்சிக் கையெழுத்தோடு தரச் சொல்கிறார்கள். அதில் வீட்டு முகவரி என்ற இடத்தில் எதை எழுதுவது? நண்பர் ஒருவர் தன் வீட்டு முகவரியைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். ஊருக்குப் போன பிறகு நிதானமாக நிரப்பலாமா? வங்கிக்கும் இந்த மெயில்பாக்ஸ் முகவரியையே கொடுத்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், எடிசன்

பதில்: உங்கள் தாயார் விரைவில் எழுந்து நடமாட வேண்டும். அவர் அருகில் இருக்க முடிவெடுத்தது நல்லது. இங்கே விட்டுப்போகும் காகிதங்கள் அங்கே உங்களைத் துரத்தாதபடி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

நண்பரின் முகவரியை எழுதாதீர்கள். ஊருக்குப் போன பிறகு என்று தள்ளியும் போடாதீர்கள். நீங்கள் எடிசனில் குடியிருக்கும் இந்த மூன்று வாரத்துக்குள் படிவத்தை முடித்துவிடுங்கள்.

நம் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுப்போம் இல்லையா, இந்தப் படிவமும் அந்த வகைதான். உங்கள் பெயருக்கு வரும் தபாலை உங்களுக்குப் பதிலாக இன்னார் வாங்கிக்கொள்ளலாம் என்று அமெரிக்க அஞ்சல் துறைக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்புதல் அது. தபாலை வாங்கும் நிறுவனத்தை அஞ்சல் துறை 'வணிக அஞ்சல் பெறும் முகவர்' என்று பதிவு செய்து வைத்திருக்கும். உங்கள் படிவம் இல்லாமல் உங்கள் பெயருக்கு வரும் ஓர் உறையைக்கூட அவர்கள் வாங்கக் கூடாது. பணம் கட்டியதும் முகவரி கிடைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். படிவம் ஏறும்வரை அது உங்கள் முகவரி ஆகாது.

பவர் கொடுப்பவர் யார், எங்கே குடியிருக்கிறார் என்பது உண்மையாக இருக்க வேண்டும். வீட்டு முகவரிக் கட்டம் அதற்காகத்தான். அஞ்சல் மோசடிக்காரர்கள் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது விதியின் நோக்கம். பொய்த் தகவலோ முக்கியத் தகவலை மறைப்பதோ அபராதத்துக்கும் சிறைக்கும் இடமாகலாம் என்று படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனாலும் நீங்கள் வசிக்காத வீட்டை வசிக்கும் வீடு என்று கையெழுத்திட்டுச் சொல்வது பொய்தான். க்ரீன் கார்டு வைத்திருப்பவர், நாளை குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர், அரசுப் படிவம் எதிலும் அப்படி ஒரு வரியை விட்டுவைக்கக் கூடாது.

இன்றைய தேதியில் உங்கள் வீடு எடிசன்தான். அதை எழுதுங்கள். மதுரைக்குப் போனதும் என்ன செய்வது? படிவத்தில் தந்த விவரம் மாறினால் திருத்திய படிவத்தை முகவரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது நீங்கள் கையெழுத்திடும் நிபந்தனைகளில் ஒன்று. பெரும்பாலானவர்கள் படிக்காமல் தாண்டிப்போகும் வரி இது. ஊர் போய்ச் சேர்ந்ததும் மதுரை முகவரியோடு திருத்திய படிவம் ஒன்றைக் கொடுங்கள். திரும்பி வந்து புது வீடு பார்த்ததும் இன்னொரு முறை.

அடையாளச் சான்று இரண்டு வேண்டும். ஒன்றில் உங்கள் புகைப்படம் இருக்க வேண்டும், மற்றது உங்கள் வீட்டு முகவரியை உறுதி செய்ய வேண்டும். ஒரே சான்றை இரண்டுக்கும் காட்ட முடியாது. பாஸ்போர்ட்டைப் புகைப்படச் சான்றாகவும், நடப்பில் உள்ள லீஸை முகவரிச் சான்றாகவும் கொடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி அட்டை, கிரெடிட் கார்டு, பிறப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது. நடப்பில் உள்ள லீஸ் என்று சொன்னதைக் கவனியுங்கள். மூன்று வாரம் கழித்து அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. இப்போது அவசரப்படுத்துவது அதனால்தான்.

மனைவிக்கும் தனியே ஒரு படிவம் நிரப்பிவிடுவது சிக்கலில்லாத வழி. அவர் பெயர் லீஸில் இல்லையென்றால், எடிசன் முகவரி உள்ள ஓட்டுநர் உரிமத்தை முகவரிச் சான்றாகவும் பாஸ்போர்ட்டைப் புகைப்படச் சான்றாகவும் காட்டலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரை உங்கள் படிவத்திலேயே சேர்க்க இடம் உண்டு.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், வங்கியில் இனிஷியல் மட்டும் இருக்கும், உரிமத்தில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். ஒற்றைப் பெயர் கொண்டவர்களுக்கு முன்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து முன்பெயராக ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே படிவத்தில் எழுதுங்கள். உங்களுக்குத் தபால் எந்தெந்த வடிவத்தில் வருகிறது என்று பழைய உறைகளை எடுத்துப் பார்த்து, முகவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் உங்களுக்கு வந்த கடிதமே யாருடையதோ என்று திரும்பிப் போகும்.

கையெழுத்தைத் தனியே வீட்டில் உட்கார்ந்து போடாதீர்கள். முகவர் அல்லது அவருடைய அங்கீகாரம் பெற்ற ஊழியர் முன்போ, நோட்டரி முன்போ போட வேண்டும். 2023-இல் விதியைத் திருத்தியபின் நேரலை வீடியோவில் முகம் பார்த்தும் குரல் கேட்டும் சாட்சியாவதை ஏற்கிறார்கள். மதுரையிலிருந்தும் அப்படிச் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே போனதும் கையில் நடப்பு லீஸ் இருக்காது. இரவு பகல் மாறிய நேரத்தில், மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு இதைச் செய்ய நேரிடும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவை உண்டு, ஒரு முத்திரைக்கு 50 டாலர். அம்மாவை விட்டுவிட்டு அதற்காகச் சென்னைக்கு ஒரு பயணம் வேண்டாம்.

கையெழுத்துக்கு முன் ஒரு கட்டத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். உரியவர் கையில் மட்டுமே தர வேண்டிய தபாலையும் முகவர் வாங்கலாமா என்று அதில் கேட்டிருக்கும். நீங்கள் சம்மதம் தராவிட்டால் அந்த வகைத் தபால் வந்தவழியே போய்விடும். உங்கள் நிலையில் நான் சம்மதம் தருவேன். சேவையை நிறுத்தும்போது அஞ்சல் துறையிடம் வழக்கமான முகவரி மாற்றம் கொடுக்க முடியாது என்பதும் நிபந்தனைதான். அதன்பின் வரும் தபாலைப் புது அஞ்சல் கட்டணத்தில் முகவர்தான் உங்களுக்கு மறுபடி அனுப்ப வேண்டும். ஆகவே வங்கி, காப்பீடு, வருமான வரித் துறை என ஒவ்வொருவருக்கும் நீங்களே நேரடியாகப் புது முகவரியைச் சொல்லுங்கள். மெயில்பாக்ஸ் முகவரியை எழுதும்போது பி.எம்.பி. (தனியார் அஞ்சல் பெட்டி) என்ற எழுத்தோ எண் குறியோ போட்டுப் பெட்டி எண்ணை எழுத வேண்டும். அபார்ட்மென்ட் எண் போல எழுதுவது விதிக்கு மாறு.

வருமான வரித் துறைக்குப் படிவம் 8822. இதை மறக்கவே கூடாது. கூடுதல் வரி கேட்கும் சட்டப்படியான அறிவிப்பை அவர்கள் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினாலே போதும். வரி நீதிமன்றம் போக உள்ள வழக்கமான 90 நாள் கெடு, அறிவிப்பை அவர்கள் தபாலில் சேர்த்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் உறையைப் பிரித்த நாளிலிருந்து அல்ல. பழைய அபார்ட்மென்ட் வாசலில் கிடந்த உறையால் அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவர்களுக்காக வாதாட அதிகம் இடம் இருப்பதில்லை.

வங்கியில் இதைத் தபால் முகவரியாகக் கொடுக்கலாம். வசிக்கும் முகவரி என்று கேட்கும் இடத்தில் கொடுக்கக் கூடாது. வாடிக்கையாளர் குடியிருக்கும் முகவரியைப் பெற வேண்டும் என்று வங்கிகளுக்கே சட்டம் இருக்கிறது. சில பங்குத் தரகு நிறுவனங்கள் வெளிநாட்டில் வசிப்பவரின் கணக்கில் கட்டுப்பாடு வைக்கும். கிளம்புமுன் கேட்டுவிடுங்கள். குடிவரவுத் துறைக்கும் இதே கணக்குதான். திரும்பி வந்து புது வீட்டில் குடியேறியதும் 10 நாட்களுக்குள் ஏ.ஆர்.-11 படிவம் மூலம் அந்த வீட்டின் முகவரியைச் சொல்ல வேண்டும், பெட்டியின் முகவரியை அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், குடியுரிமைக்குத் தேவையான தொடர் வசிப்பு அறுந்துவிட்டதாக முதலில் எடுத்துக்கொள்வார்கள். அறுபடவில்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். மெயில்பாக்ஸ் முகவரி அதற்குச் சான்றாகாது. அம்மாவின் நிலையைப் பொறுத்து எட்டு மாதம் ஓராண்டைத் தாண்டக்கூடும் என்று தோன்றினால், மறுநுழைவு அனுமதிக்கான ஐ-131 விண்ணப்பத்தை அமெரிக்காவில் இருக்கும்போதே போட வேண்டும். மதுரையிலிருந்து போட முடியாது.

இந்த வாரமே பாஸ்போர்ட், லீஸ், உரிமம் மூன்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து போய்க் கையெழுத்திடுங்கள். கையெழுத்தான படிவத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.