48 விநாடியில் ஓர் ஆற்றல் கணக்கு

ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கான முதல்கட்டக் கணினித் தேர்வில் 60 நிமிடத்துக்கு 75 கேள்விகள். ஒரு கேள்விக்குச் சராசரியாக 48 விநாடி. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். இதில் இயக்க ஆற்றல், நிலை ஆற்றல் கணக்கு வந்தால் அது சும்மா கிடைக்கிற மதிப்பெண். ஆனால் சூத்திரம் தெரிந்தவர்களே இதைக் கோட்டை விடுகிறார்கள்.

சூத்திரம் இரண்டே இரண்டுதான். இயக்க ஆற்றலுக்கு நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். நிலை ஆற்றலுக்கு நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் போதும். இதை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது. தடுக்கி விழுவதெல்லாம் வேறிடத்தில்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 40 டன் நிறையுள்ள ரயில் பெட்டி மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது; அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? பேனாவை எடுத்ததும் சூத்திரத்தை எழுதாதீர்கள். முதலில் அலகை மாற்றுங்கள். 40 டன் என்பது 40,000 கிலோ. 72-ஐ 5/18 ஆல் பெருக்கினால் விநாடிக்கு 20 மீட்டர். 20-இன் வர்க்கம் 400. அதை 40,000 ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 80 லட்சம் ஜூல்.

இனி கேள்வி தயாரித்தவர் விரித்திருக்கும் வலையைப் பாருங்கள். பாதியாக்க மறந்தவருக்கு 1.6 கோடி வரும். வர்க்கம் எடுக்க மறந்தவருக்கு 4 லட்சம். கி.மீ. வேகத்தை அப்படியே போட்டவருக்குப் பத்துக் கோடிக்கு மேல். இந்த மூன்றும் விடைப் பட்டியலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நமக்கு வந்த விடை பட்டியலில் இருக்கிறதே என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. 36, 54, 72, 90 கி.மீ. என்றால் விநாடிக்கு 10, 15, 20, 25 மீட்டர். இந்த நான்கையும் நெட்டுரு போட்டுக்கொண்டால் அலகு மாற்றும் நேரம் மிச்சம்.

அதே பெட்டியை 20,000 நியூட்டன் விசையில் பிரேக் பிடித்து நிறுத்தினால் எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்? ஆற்றலை விசையால் வகுத்தால் 400 மீட்டர். வேகத்தைப் பாதியாக்கி 36 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் தூரம் 200 அல்ல, 100 மீட்டர்தான். வர்க்கம் செய்கிற வேலை இது. தேர்வு முடிந்து கேபினில் ஏறிய பிறகும் இந்தக் கணக்கு கூடவே வரும்.

விழும் பொருள் கணக்குகளில் நிறையைக் கொடுத்துத் திசை திருப்புவார்கள். 200 கிராம் பந்து 45 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, தரையைத் தொடும்போது வேகம் என்ன என்று கேட்டால் அந்த 200 கிராமைத் தொடவே வேண்டாம். மேலே இருந்த நிலை ஆற்றல்தான் கீழே இயக்க ஆற்றலாகிறது. இரு பக்கமும் நிறை அடிபட்டுப் போகும். முடுக்கத்தை 10 என்று கொண்டால் வேகத்தின் வர்க்கம் 900, வேகம் விநாடிக்கு 30 மீட்டர். பாதி உயரத்தில் இரு ஆற்றலும் சமம். முக்கால் தூரம் விழுந்த பின் இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் 3:1. காற்றின் தடையும் உராய்வும் இல்லை என்று கேள்வி சொன்னால்தான் இதெல்லாம் செல்லும். அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.

சதவீதக் கேள்விகளில் வேகம் 50% கூடினால் ஆற்றல் 2.25 மடங்காகும், ஆனால் கூடியது 125% மட்டுமே. 225 என்று குறிப்பவர்கள்தான் அதிகம்.

மின்சாரத் துறை வேலைக்கு நேர்காணலுக்குப் போகும் டிப்ளமாக்காரர்களுக்கு ஒன்று. நீலகிரியில் 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தில் தண்ணீர் 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கி சிங்காரா மின்நிலையத்துக்கு வருகிறது. 900 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரின் நிலை ஆற்றல் 90 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல் என்பதால் இது இரண்டரை யூனிட். குழாய் உராய்விலும் டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் கொஞ்சம் போய்விடும். கைக்கு வருவது அதைவிடக் குறைவு. கணக்கைச் சொல்லும்போது இந்த இழப்பையும் சேர்த்தே சொல்லுங்கள். கேட்பவர் அடுத்து கேட்கப்போவது அதைத்தான்.