புண் ஆறினால் நோய் ஆறுமா?

திருவனந்தபுரத்தில் ஆரியசாலையை ஒட்டி சாலைக் கம்போளம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து அங்கே காய்கறி லாரிகள் வருகின்றன. சுமை தூக்குபவர்கள், கடையில் வேலை செய்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள் என்று பலர் உழைக்கிறார்கள். காலில் ஆணி குத்தினால் உடனே பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார்கள். மறைவிடத்தில் புண் வந்தால்? பலர் யாரிடமும் சொல்வதில்லை. வெட்கம் தடுக்கிறது. பயம் தடுக்கிறது.

அப்படி மறைப்பதால் முற்றும் ஒரு நோயைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதன் பெயர் சிபிலிஸ். மேகப்புண், பறங்கிப்புண் என்றும் சொல்வார்கள்.

எப்படி வருகிறது?

சிபிலிஸ் ஒரு கிருமியால் வருகிறது. அந்தக் கிருமியை 1905-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். இந்த நோய் சாபத்தால் வருவதில்லை. உடல் சூட்டாலும் வருவதில்லை. நோய் உள்ளவருடன் உடலுறவு கொள்வதால் தொற்றுகிறது. கருவுற்ற தாயிடமிருந்து வயிற்றில் உள்ள குழந்தைக்கும் போகிறது. கொசுக்கடியால் தொற்றாது. சேர்ந்து சாப்பிடுவதாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும் தொற்றாது.

எப்படி ஏமாற்றுகிறது?

கிருமி புகுந்து சுமார் 3 வாரத்தில் பிறப்புறுப்பில் புண் தோன்றும். வாயிலோ ஆசனவாயிலோ கூட வரலாம். பெரும்பாலும் அது வலிக்காது. பெண்களுக்குப் புண் உள்ளே இருந்தால் கண்ணுக்கே தெரியாது.

3 முதல் 6 வாரத்தில் புண் தானாகவே ஆறிவிடும். "நான் போட்ட களிம்பு கேட்டுவிட்டது" என்று நோயாளி நினைப்பார். ஆறியது புண் மட்டும்தான். கிருமி உடலுக்குள்ளேயே இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து உடம்பில் தடிப்புகள் வரலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூட வரும். அவையும் மறையும். பிறகு பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. சிகிச்சை பெறாத சிலருக்குக் கடைசியில் இதயம், மூளை, கண் ஆகியவை பாதிக்கப்படும்.

தாயும் குழந்தையும்

கணவன் மறைத்த நோய் மனைவிக்கும் தொற்றலாம். கரு கலையலாம். குழந்தை இறந்தே பிறக்கலாம். அல்லது நோயோடு பிறக்கலாம். ஊரோ அந்தப் பெண்ணைத்தான் "ராசி இல்லாதவள்" என்று பேசும். குற்றம் ராசியில் இல்லை, கிருமியில் இருக்கிறது.

எனவே கருவுற்றதும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆரியசாலையில் இருப்பவர்களுக்குத் தைக்காடு அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை பக்கம்தான். தாய்க்கு உரிய காலத்தில் ஊசி போட்டால் குழந்தையையும் காப்பாற்றலாம்.

சிகிச்சை என்ன?

1943 முதல் இந்த நோய்க்குப் பெனிசிலின் கொடுக்கிறார்கள். நோய் தொடங்கிய காலத்தில் வந்தால் பெரும்பாலும் ஒரு முறை ஊசி போட்டால் போதும். நாள்பட்ட நோய் என்றால் வாரம் ஒரு முறை 3 வாரம் போடுவார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

"புண் எனக்குத்தானே டாக்டர்? வீட்டில் அவளுக்கு எதற்குப் பரிசோதனை?" என்று சில ஆண்கள் கேட்பார்கள்.

"உங்களுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், அவரிடமிருந்து மறுபடியும் உங்களுக்கு வரும். இரண்டு பேரும் வாருங்கள்" என்பதே மருத்துவரின் பதில்.

மருத்துவர் சொல்லும் வரை உடலுறவு கூடாது. சொன்ன நாளில் மறுபடியும் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒரு முறை குணமானவருக்கும் இந்த நோய் திரும்ப வரலாம். புண் இருக்கும்போது எய்ட்ஸ் கிருமியும் எளிதில் புகும். அதனால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

கன்னிப்பெண்ணைச் சேர்ந்தால் நோய் தீரும் என்று சிலர் சொல்வது கொடிய பொய். நோய் தீராது. ஒரு பெண்ணின் வாழ்வு கெடும்.

எப்படித் தடுக்கலாம்?

• கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்க வேண்டும்.
• ஆணுறை பயன்படுத்தினால் ஆபத்து குறையும். ஆனால் உறை மூடாத இடத்தில் உள்ள புண்ணிலிருந்து தொற்றலாம்.
• மருந்துக் கடையில் தாமாகக் களிம்பு வாங்கிப் போடக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
• நேரில் கேட்க வெட்கமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது.

பேசுவோம், எழுதுவோம்

1. புண் ஆறிய பிறகும் ஏன் மருத்துவரிடம் போக வேண்டும்?
2. கணவன், மனைவி இருவருக்கும் ஏன் பரிசோதனை தேவை?
3. உங்கள் வீட்டின் அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் பெயரை எழுதுங்கள்.