கிடங்கு அங்கே, பார்சல் எங்கே?

புதுக் கிடங்கு திறப்புச் செய்தியில் வேலைகளின் எண்ணிக்கைதான் தலைப்பாகும். அந்த வேலை எப்படிப்பட்டது, எத்தனை மாதம் நிற்கும் என்பதெல்லாம் கடைசிப் பத்தியில் கிடக்கும். கிடங்குகளைப் பற்றிய சில நம்பிக்கைகளை, அமேசான் 2014-இல் போலந்தில் கிடங்குகள் திறந்த கதையில் தொடங்கிச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: உள்ளூர்க்காரர்களிடம் விற்கத்தான் கிடங்கு கட்டுகிறார்கள்.

உண்மை: வ்ரோத்ஸ்வாஃப், போஸ்னான் நகரங்களை ஒட்டிக் கிடங்குகள் எழுந்தன. போலந்துக்கென்று தனி அமேசான் தளம் வந்ததோ 2021 மார்ச்சில்தான். அதுவரை அங்கே கட்டிய பார்சல்கள் முக்கியமாக ஜெர்மனிக்குப் போயின. எல்லை பக்கம்தான், கூலியோ ஜெர்மனியைவிட வெகு குறைவு. அதோடு, ஜெர்மனியில் வெர்டி தொழிற்சங்கம் 2013 முதலே அடிக்கடி வேலைநிறுத்தம் செய்துவந்தது. ஜெர்மனியில் வேலை நின்றாலும் போலந்திலிருந்து பார்சல் போகும். 2015 ஜூனில் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகியது. ஜெர்மனியில் வேலைநிறுத்தம் நடந்தபோது போஸ்னான் கிடங்கில் ஓவர்டைம் பார்க்கச் சொன்னார்கள். இரவு ஷிப்டில் இருந்தவர்களில் பலர் வேண்டுமென்றே மெதுவாக வேலை பார்த்தார்கள்.

நம்பிக்கை: அறிவித்த வேலை அத்தனையும் நிரந்தரம்.

உண்மை: போலந்துக்கு 2013-இல் சொன்ன கணக்கு 6,000 நிரந்தர வேலை, சீசனுக்கு மட்டும் இன்னும் 9,000 பேர் வரை. சீசன் ஆட்கள் ஏஜென்சி வழியாக வருவார்கள், கிறிஸ்துமஸ் கூட்டம் ஓய்ந்ததும் போய்விடுவார்கள். பெரிய எண் எதுவென்று கவனியுங்கள்.

நம்பிக்கை: கிடங்கு வந்தால் வட்டாரமே செழிக்கும்.

உண்மை: அமெரிக்காவில் எக்கனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது (தொழிலாளர் பக்கம் சாய்ந்த அமைப்பு, அதையும் சொல்லிவிட வேண்டும்). அமேசான் கிடங்கு வந்த மாவட்டங்களில் கிடங்கு வேலை சுமார் 30% கூடியிருந்தது. மொத்த வேலைவாய்ப்பு கூடியதற்குத் தடயம் கிடைக்கவில்லை.

நம்பிக்கை: ரோபோ வந்துவிட்டது, இனி ஆளே வேண்டாம்.

உண்மை: அமேசான் 2012-இல் கிவா என்ற ரோபோ நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ஆண்டு இறுதியில் அமேசானின் ஊழியர்கள் 88,000 சொச்சம். 2021 இறுதியில் சுமார் 16 லட்சம். மாறியது வேலையின் தன்மை. பழைய முறைக் கிடங்கில் ஸ்கேனர் சொல்லும் அலமாரியைத் தேடி ஆள் நடப்பார். ஷாம்பூவுக்குப் பக்கத்தில் பொம்மை, அதற்கடுத்துப் புத்தகம். எது எங்கே என்று கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். ரோபோக் கிடங்கில் அலமாரியே ஆளைத் தேடி வருகிறது. நடை மிச்சம், ஷிப்ட் முழுக்க ஒரே இடத்தில் நின்று, குனிந்து, எட்டி எடுக்க வேண்டும், அடுத்த அலமாரி ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது.