உப்புக் காற்றில் ஓடு பதிக்குமுன்

அன்புள்ள மருமகளுக்கு,

கடையில் டெரகோட்டா ஓடும் காட்டினார்கள், 'ரஸ்டிக் ஸ்டோன்வேர்' டைலும் காட்டினார்கள், இரண்டும் சுட்ட மண்தானே, விலை குறைந்ததை வாங்கினால் என்ன என்று அப்பா கேட்பதாக எழுதியிருந்தாய். வீடு மதுரையில் என்றால் உங்கள் விருப்பம் என்று விட்டிருப்பேன். நீங்களோ தூத்துக்குடியில், உப்பளத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கியிருக்கிறீர்கள். அங்கே விலைக்கு முன்னால் உப்பைப் பார்க்க வேண்டும்.

குளத்து மண்ணையும் ஆற்று வண்டலையும் பிசைந்து, 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் டெரகோட்டா. மண்ணிலுள்ள இரும்பு அதற்குச் சிவப்பைத் தருகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவிலுள்ள நுண்துளைகள் அடைபடாது. அதனால் தன் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் நீர் குடிக்கும். ஸ்டோன்வேருக்கு மண்ணே வேறு. அதை 1200 டிகிரிக்கு மேல் சுடும்போது உள்ளிருக்கும் பெல்ஸ்பார் உருகி, கண்ணாடியாகித் துளைகளை நிரப்பிவிடும். நன்றாக வெந்த ஸ்டோன்வேர் மூன்று சதவீதம் நீர் குடிப்பதே அதிகம். குளத்து மண்ணையே இன்னும் கொஞ்சம் சுட்டால் ஆகாதா என்று நீ கேட்பாய். ஆகாது, அந்தச் சூட்டை எட்டுமுன்பே அது வளைந்து உப்பிப் போகும்.

இனி உப்பு. அடிமண்ணிலிருந்து ஓதம் ஏறும்போது உப்பும் கரைந்து கூடவே ஏறுகிறது. கடற்காற்று தன் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசிந்து நீராகும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடலோரத்தில் இரவில் ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டுவதும், நடுப்பகலில் கீழே இறங்குவதும் அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நுண்துளைக்குள் படிகம் வளர்ந்து ஓட்டை உள்ளிருந்து நெரிக்கிறது. முதலில் வெள்ளையாக உவர் பூக்கும். பிறகு மேல்தோல் பொரிந்து உதிரும். ஓடு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, வைத்த இடம்தான் தப்பு.

இதற்காக டெரகோட்டாவை ஒதுக்கிவிடாதே. உங்கள் ஊருக்குத் தெற்கே கொற்கையில் 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது செங்கல் கட்டுமானமும் அதன் அடியில் பெரிய சுடுமண் உறைகளும் கிடைத்தன. மண்ணுக்குள் ஈரம் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருந்தால் உப்பு கரைசலாகவே கிடக்கும், சுட்ட மண்ணுக்குத் தொல்லை இல்லை. வெளியே எடுத்துக் காயவிட்டால்தான் ஆபத்து. அதனால்தான் உவர் ஏறிய மண்ணில் கிடைக்கும் பானைகளை முதலில் நன்னீரில் ஊறப்போட்டு உப்பை இறக்குகிறார்கள்.

ஸ்டோன்வேரின் குணம் தெரிய வேண்டுமானால் ஆச்சியின் ஊறுகாய் ஜாடியைப் பார். வருஷக்கணக்கில் உப்பும் புளிப்பும் ஊறியும் வெளிப்புறம் பூக்கவில்லையே. இன்னொன்றும் சொல்ல ஆசை. ஐரோப்பாவில் ரைன் நதிக்கரைக் குயவர்கள் 15ஆம் நூற்றாண்டிலேயே, உலை உச்சச் சூட்டில் இருக்கும்போது உப்பை உள்ளே வீசினார்கள். ஆவியான உப்பின் சோடியம் களிமண்ணின் சிலிகாவோடு சேர்ந்து பளபளப்பான மேற்பூச்சாகிவிடும். நம் ஊர்ச் சாக்கடைகளுக்குப் போட்ட பழுப்பு நிற ஸ்டோன்வேர் பைப்புகளுக்கும் அதே பூச்சுதான். டெரகோட்டாவைத் தின்கிற உப்பே இங்கே மேலாடையாகிவிடுகிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை. கைவேலையாக ஸ்டோன்வேர் செய்வதைப் பார்க்க விரும்பினால் புதுச்சேரிக்குப் போ. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி அங்கே இருக்கிறது.

கடையில் 'ரஸ்டிக்' என்ற பெயரை நம்பாதே. பல டைல்களில் அந்த முரட்டுத் தோற்றம் மேலே அச்சடித்த படம்தான். உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி ஓரத்தைப் பார். உள்வரை ஒரே நிறம் ஓடுகிறதா? பிறகு வெயிலில் நன்றாகக் காய்ந்த டைலை எடைபோட்டு, ஒரு நாள் நன்னீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடைபோடு. ஒரு கிலோ டைல் 1120 கிராம் ஆனால் அது 12 சதவீதம் குடித்திருக்கிறது. விரலால் தட்டிப் பார்ப்பதும் உதவும்; நன்றாக வெந்தது கணீரென்று ஒலிக்கும்.

என் யோசனை இது. தரைத்தளம், முற்றம், குளியலறை, கடலைப் பார்த்த சுவரின் அடிப்பகுதி ஆகியவற்றுக்கு ஸ்டோன்வேர். மாடி அறைக்கும் அதன் உட்சுவருக்கும் டெரகோட்டா. அங்கே ஓதம் ஏறாது, கால் வைத்தால் குளிர்ச்சியும் கிடைக்கும். மொட்டை மாடிக்கு வழக்கமான தட்டோடு போதும். டெரகோட்டா பதிக்கும் இடத்தில் கொத்தனார் சிமெண்டைக் கெட்டியாகப் போடாமல் சுண்ணாம்புச் சாந்து போடட்டும். உப்பு அந்த இடுக்கு வழியே வெளியேறும், ஓடு தப்பும். இடுக்கை மறுபடி பூசிக்கொள்ளலாம். பவளப்பாறைச் சுண்ணாம்பு என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் பவளப்பாறை வெட்டியதால் கடலுக்குள் மூழ்கின.

சாந்து குழைக்க உப்புத் தண்ணீர் கூடாது, கடல் மணல் கூடவே கூடாது. வார்னிஷ் அடித்தால் உப்பு அதன் அடியிலேயே படிகமாகித் தோலோடு பெயர்ந்து வரும். உவர் பூத்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதே, கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த நாளில் உலர்ந்த பிரஷால் தேய்த்து அள்ளிவிடு.

லோடு இறக்குமுன் இரண்டு டைலின் எடையையும், ஊறுமுன் எவ்வளவு, ஊறியபின் எவ்வளவு என்று எழுதி அனுப்பு. அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா