பாண்டூன் படகுக்குப் பட்டை வைத்தால் வேகம் கூடுமா?

என் மைத்துனர் மகன் தமிழ்நாட்டில் ஒரு நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் படகு விடுகிறான். கைமாறி வந்த பழைய படகு. அடியில் இரண்டு அலுமினியக் குழல்கள், மேலே பலகைத் தளம், நாற்காலிகள், துணிக்கூரை, பின்னால் 25 குதிரைத்திறன் மோட்டார். இதைத்தான் பாண்டூன் படகு என்கிறார்கள். சென்ற கோடையில் திருமுல்கேரிக்கு வந்திருந்தபோது, "மாமா, படகு எருமை மாதிரி நகருது. குழலுக்கு அடியில லிஃப்டிங் ஸ்ட்ரேக் வெச்சா பறக்கும்னு சொல்றாங்க. வெல்டிங்குக்கு ஆளும் பார்த்தாச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

ரயில்வேயில் பாலங்களோடு காலம் தள்ளியவன் நான். கப்பல் கட்டும் கலை படித்தவனல்லன். இருந்தாலும் நீரும் எடையும் எங்கும் ஒன்றுதானே. அன்று அவனுக்கு விளக்கியதைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். நம் சங்க அன்பர்களில் சிலர் ஊர்ப்பக்கம் இத்தகைய தொழிலில் பணம் போட்டிருப்பதால் பயன்படக்கூடும்.

இந்தப் படகு அமெரிக்காவில் பிறந்தது. மின்னசோட்டா மாநிலத்தில் ஆம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி, 1950-களின் தொடக்கத்தில், இரும்புப் பீப்பாய்களை இரண்டு வரிசையாக இணைத்து மேலே மரத்தளம் போட்டார். ஏரியில் குடும்பத்தோடு உட்கார்ந்து காற்று வாங்குவதற்கான மிதக்கும் திண்ணை அது. வேகம் அவர் நோக்கமில்லை. (நம் கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு இரட்டை உடல் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். அந்தக் கதை வேறொரு நாள்.)

முதலில் மிதக்கும் கணக்கு. மைத்துனர் மகனின் படகில் ஒவ்வொரு குழலும் 20 அடி நீளம், 2 அடி விட்டம். கன அளவு சுமார் 63 கன அடி. அது முழுவதும் மூழ்கினால் 1,780 கிலோ நீரை விலக்கும். இரண்டு குழலுக்கும் சேர்த்து 3,560 கிலோ. தளம், மோட்டார், இருக்கைகள் சுமார் 800 கிலோ. பதினைந்து பேர் ஏறினால் இன்னும் ஓர் ஆயிரம். ஆக, குழல்கள் பாதி மூழ்கி நிற்க வேண்டும். பாதிக்கு மேல் மூழ்கினால் ஏதோ கோளாறு என்று பொருள். இந்தப் "பாதி" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

இனி வேகம். நீரில் நகரும் எந்தப் பொருளும் அலை எழுப்புகிறது. அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தானே உண்டாக்கிய பள்ளத்தில் வால் அமிழ்ந்து, மேட்டில் ஏற முடியாமல் திணறும். 20 அடிப் படகுக்கு இந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். குழல் மெலிந்தது என்பதால் இந்த எல்லை கல்லில் எழுதியதன்று, சிறிது மீறலாம். ஆனாலும் அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மோட்டார் கடும் விலை கொடுக்கிறது. தப்பிக்க ஒரு வழி, படகை நீருக்குமேல் தூக்கிவிடுவது. விசைப்படகுகளின் தட்டையான அடிப்பாகம் அதைத்தான் செய்கிறது.

உருண்டைக் குழலால் அது முடியாது. ஏன் என்பதை அடுக்களையிலேயே சோதித்துப் பார்க்கலாம். குழாயைத் திறந்துவிட்டு, ஒரு கரண்டியின் காம்பைத் தளர்வாகப் பிடித்து, அதன் முதுகை நீர்த்தாரையில் மெல்லத் தொடவையுங்கள். தாரை கரண்டியைத் தள்ளும் என்றுதானே எதிர்பார்ப்போம்? மாறாக உள்ளே இழுக்கும்! வளைந்த பரப்பை ஒட்டிக்கொண்டே நீர் திரும்புவதால் வருகிற இழுவை அது. பாண்டூன் குழலிலும் இதே சங்கதிதான். வேகம் கூடக்கூட நீர் குழலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மேலேறி, குழலைக் கீழே இழுக்கிறது. நனையும் பரப்பு கூடுகிறது, உராய்வும் கூடுகிறது.

லிஃப்டிங் ஸ்ட்ரேக் என்பதைத் தூக்குப்பட்டை என்று சொல்லலாம். குழலின் கீழ்ப்பக்கச் சரிவில், உள்ளும் புறமுமாக, மூக்கிலிருந்து பின்பகுதி வரை பற்றவைக்கும் நீண்ட அலுமினியப் பட்டை. மேலேறும் நீரை அது வெட்டிக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. நீரைக் கீழே தள்ளினால் படகு மேலே போகும். நியூட்டனின் மூன்றாம் விதி. கரண்டியின் முதுகில் சிறு மெழுகு வரப்பு வைத்துப் பாருங்கள், நீர் அந்த வரப்போடு பிரிந்துவிடும்.

அப்படியானால் வைத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். இங்கேதான் கணக்கு வருகிறது. தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து சென்டிமீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று நான்கு பட்டைகள் வைத்தால் மொத்தம் இரண்டு சதுர மீட்டர். நீரின் வேக அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு தூக்கு விசையாக மாறுகிறது என்று உத்தேசமாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டரில் கிடைப்பது சுமார் 40 கிலோ. ஒரு மெலிந்த பயணியை இறக்கிவிட்டதற்குச் சமம்! அதே பட்டை 40 கிலோமீட்டரில் பதினாறு மடங்கு, அதாவது 600 கிலோவுக்கு மேல் தூக்கும். அப்போது படகு எழும்பும், நனையும் பரப்பு சுருங்கும், வேகம் இன்னும் ஏறும். ஆனால் பதினைந்து பேரோடு அந்த வேகத்தை எட்டவே பெரிய மோட்டார் வேண்டும். இரண்டு குழல் படகில் 70, 90 குதிரைத்திறனாவது இருந்தால்தான் பட்டையைப் பற்றிப் பேசுவதில் பொருளுண்டு. 25-க்கு அது வீண் செலவு, உராய்வுதான் மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. குழலின் தகடு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். நீளநெடுகப் பற்றவைத்தால் எத்தனை இடத்தில் ஓட்டை விழுமோ! மூடிய குழலைச் சூடாக்குவது அபாயமும்கூட. வடிகால் திருகைக் கழற்றி, உள்ளே பெட்ரோல் ஆவி இல்லை என்று உறுதி செய்யாமல் யாரையும் தீ வைக்க விடக்கூடாது. திருகாணி போட்டு முடுக்கலாம் என்பவரை அருகிலேயே சேர்க்க வேண்டாம்.

"அப்படின்னா என் படகு ஏன் மாமா இவ்வளவு மெதுவாப் போகுது?" என்றான். நியாயமான கேள்வி. அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது நேரில் பார்த்தேன். ஆளே ஏறாமல் நின்ற படகில் ஒரு குழலின் பின்புறம் பாதிக்குமேல் மூழ்கியிருந்தது. கரையேற்றச் சொன்னேன். ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவாரே, ஞாபகம் இருக்கிறதா? அதுபோல மரச்சுத்தியலால் மூக்கிலிருந்து தட்டிக்கொண்டு வந்தேன். "டங், டங்" என்று வந்த ஓசை பின் அறைக்கு வந்ததும் "தொப்" என்றது. வடிகால் திருகைத் திறந்தால் நீர் கொட்டுகிறது. குடத்தால் அளந்ததில் 130 லிட்டருக்குக் குறையவில்லை. தளத்தைத் தாங்கும் கால் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல். சோப்புத் தண்ணீர் தடவி, சைக்கிள் பம்பால் மிகக் குறைவாகக் காற்றடித்ததும் குமிழி காட்டிக்கொடுத்துவிட்டது. விற்றவர் இதை அறியாமல் இருந்திருப்பார் என்று நம்ப எனக்கு மனமில்லை.

வேகத்தைவிட எனக்கு அச்சம் தந்தது வேறு. குழலுக்குள் தேங்கிய நீர் சும்மா இருப்பதில்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சாய்வை அதிகமாக்கும். புகைப்படம் எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் திரண்டால் என்ன ஆகும்? ஹைதராபாத்வாசிகளுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1990 மார்ச்சில் ஹுசேன் சாகரில் புத்தர் சிலையைச் சுமந்து சென்ற மிதவை நிலைகுலைந்து, சிலை நீருக்குள் போனது. தொழிலாளர் பலர் மாண்டனர். சிலையை மீட்டு நிறுத்த 1992 டிசம்பர் ஆயிற்று. அது பெரிய மிதவை, இது சிறிய படகு. நிலைப்பு விதி இரண்டுக்கும் ஒன்றே.

விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் அடைத்தோம். கரையில் 500 மீட்டருக்கு இரண்டு கம்பம் நட்டு, அதே பத்துப் பேரை ஏற்றி, காற்றுக்காகப் போகும்போதும் வரும்போதும் நேரம் பார்த்துச் சராசரி எடுத்தோம். பழுது பார்க்கும் முன் 2 நிமிடம் 52 விநாடி. பின் 2 நிமிடம் 15 விநாடி. மணிக்குப் பத்தரை கிலோமீட்டர் பதின்மூன்றைத் தாண்டியது, பட்டை எதுவும் இல்லாமலே.

குறைந்த சக்தியில் ஆள் ஏற்ற வேண்டுமானால் வேறு பாதை இருக்கிறது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' சூரியசக்திப் படகைச் சொல்லலாம். 75 பேர் பயணம் செய்யலாம்; 20 கிலோவாட் மோட்டார் இரண்டு, அதாவது சுமார் 54 குதிரைத்திறன்தான். நீரைவிட்டு எழும்ப அது முயல்வதே இல்லை. எடை குறைந்த, மெலிந்த இரட்டை உடலால் அலையைச் சிறிதாக்கி, நிதானமாகப் போகிறது. சுற்றிப் பார்க்க வருபவருக்கு அந்த நிதானம் போதாதா என்று கேட்டேன்.

மைத்துனர் மகனுக்கு அது போதவில்லை. 90 குதிரைத்திறன் மோட்டார் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். படகின் பின்பலகை அந்த எடையைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு எழுதும்படி சொல்லியிருக்கிறேன். உயிர்காப்பு அங்கிகள் பதினைந்தும் வந்துவிட்டதாக மட்டும் இப்போதைக்குத் தகவல்.