கணக்குக் கேட்பதும் மார்க்கமே



ஒருவர் பொருளை மற்றவர் முறைகேடாக உண்பதையும், அதற்காக அதிகாரத்தில் இருப்பவர்களை நாடுவதையும் அல்லாஹுத்தஆலா தடுத்துள்ளான் (அல்குர்ஆன் 2:188). லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் (திர்மிதீ, அபூதாவூத்). இதை நாம் அறிவோம். ஆனால் பொதுப் பணத்திற்குக் கணக்குக் கேட்பதும் மார்க்கத்தில் உள்ளது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

நபிகளார் கேட்ட கணக்கு

பனூ சுலைம் கோத்திரத்தாரிடம் ஜகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்டார்கள். ஒரு பகுதியை ஜகாத் என்றும், மறு பகுதியைத் தனக்கு வந்த அன்பளிப்பு என்றும் அவர் பிரித்துக் காட்டினார். பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டார்கள். பிறகு மிம்பரில் ஏறி, பெயரைச் சொல்லாமல், அந்தத் தவறை மக்கள் அனைவருக்கும் எடுத்துச் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்).

முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களும் பொறுப்பேற்றவுடன், நான் தவறினால் என்னைத் திருத்துங்கள் என்ற கருத்தில் மக்களிடம் பேசினார்கள்.

கூலிக்காரர்கள் கேட்ட கணக்கு

நம் நாட்டில் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் ஏழைகள். ராஜஸ்தானில் கூலித் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்த அருணா ராய் அவர்களோடு நின்றார். அரசு வேலைகளில் முழுக் கூலி கிடைக்கவில்லை. வருகைப் பதிவேட்டைக் கேட்டால் அது ரகசியம் என்று மறுத்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில், கிடைத்த கணக்கை மக்கள் முன்னிலையில் வாசித்தார்கள். வேலை செய்யாதவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிவந்தது. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா 40 நாட்கள் நீடித்தது.

மாநிலங்களில் முதலாவதாகத் தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் அதில் விதிவிலக்குகள் அதிகம். இத்தகைய போராட்டங்களின் பலனாக 2005-ல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

நாம் செய்ய வேண்டியது

ரோடு, குடிநீர், நூறு நாள் வேலை எதுவானாலும் 10 ரூபாய் கட்டணத்தில் மனு செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நம் வலையபட்டி வட்டாரத்து மக்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைக்குப் போய் வரவு செலவைக் கேட்கலாம்.

தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள். புனேயில் நில முறைகேடுகளை வெளிக்கொண்டு வந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் கொல்லப்பட்டார்.

கேட்பதற்கும் ஒழுங்கு உண்டு. வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது (49:6). வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொன்னால் அது அவதூறு. கையில் ஆவணம் இருக்க வேண்டும். நம் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கவர் கொடுத்துவிட்டு ஊழலைப் பற்றிப் பேசுவதில் பரக்கத் இல்லை. நம் பள்ளிவாசல் வரவு செலவும் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

மறுமையில் அல்லாஹ் நம்மிடம் கணக்குக் கேட்பான். அதற்கு அஞ்சுபவர் இங்கே கணக்குக் காட்டத் தயங்கமாட்டார், கேட்கவும் தயங்கமாட்டார்.

ஹலாலான பொருளையும், உண்மையைப் பேசும் துணிவையும் வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.