இறங்கி வந்த வண்டிக்கு இன்னொரு மெக்கானிக்

மணிமுத்தாறு செக்போஸ்ட்டிலிருந்து மாஞ்சோலை இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தத் தூரத்துக்குள் சாலை ஆயிரம் மீட்டர் உயரத்தை எட்டிவிடுகிறது. அதற்கு மேலும் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று போகிறவர்கள் உண்டு. வனத்துறை அனுமதியோடு, கல்லும் குழியுமான பாதையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறிவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், சமவெளியில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்த கோளாறு ஒரே நாளில் வெளியே வந்துவிடும்.

மறுநாள் அம்பாசமுத்திரத்திலோ திருநெல்வேலியிலோ ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடுகிறோம். சாயங்காலம் போன் வரும்: "அண்ணாச்சி, கிளட்ச் செட்டே போயிட்டு. முன்னாடி ரெண்டு டிஸ்க்கும் மாத்தணும். லோயர் ஆர்மும் ஆடுது. நாப்பதாயிரம் கிட்ட வரும், ஆரம்பிச்சிரவா?"

சொல்கிறவர் ஏமாற்றுக்காரர் என்று நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவர் நம்பித்தான் சொல்கிறார். ஆனால் தொகை பெரிதாக இருக்கும்போது, ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னது மட்டும் போதாது. இன்னொருவரிடம் காட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முறை தெரியாமல் காட்டினால் இரண்டாவது விலை கிடைக்குமே தவிர, வண்டிக்கு என்ன என்பது தெரியாது.

பிரிக்கும் முன்பே நிறுத்துங்கள்

போனில் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "எதையும் பிரிக்காதீங்க. எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்லுதேன்."

கியர் பாக்ஸை இறக்கிவிட்டால் வண்டி அந்த இடத்தை விட்டு நகராது. மறுபடி மாட்டிக் கொடுக்கவும் கூலி கேட்பார்கள், அது நியாயமும்கூட. ஆகவே வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் 'பார்த்துச் சொல்லவும், கேட்காமல் பிரிக்க வேண்டாம்' என்று உங்கள் கையால் எழுதுங்கள். கிலோமீட்டர் அளவையும் வண்டியின் தொல்லையையும் உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'கிளட்ச் வேலை' என்று எழுதாமல் 'ஏற்றத்தில் கருகல் வாடை வந்தது' என்று எழுத வேண்டும். முன்னது முடிவு, பின்னது நடந்தது.

எஸ்டிமேட்டில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு பார்ட்டின் பெயர், பார்ட் நம்பர், விலை, கூலி, வரி தனித்தனியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 இருந்தது. பழைய விகிதத்தில் இன்னும் கணக்குப் போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள். கூடவே, எதை உடனே செய்ய வேண்டும், எது சில மாதம் தாங்கும், எது சும்மா சேர்த்தது என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். நாற்பதாயிரம் பல நேரங்களில் இந்தக் கேள்வியிலேயே பாதியாகிவிடும்.

அபிப்பிராயம் வேண்டாம், அளவு வேண்டும்

"டிஸ்க் போயிட்டு" என்பது அபிப்பிராயம். "இத்தனை மில்லிமீட்டர் இருக்கணும், இத்தனைதான் இருக்கு" என்பது அளவு. மலையிலிருந்து இறங்கிய வண்டியில் வழக்கமாகச் சொல்லப்படும் நோய்கள் எல்லாவற்றுக்கும் ஏதோ ஓர் அளவோ சோதனையோ இருக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்தால் போதும், எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டாம்.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். தேய்ந்து எவ்வளவு மெலியலாம் என்ற குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலான டிஸ்க்குகளில் பொறித்தே இருக்கும். மைக்ரோமீட்டரை வைத்து அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். பேடின் தடிமன் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுவதே நல்லது, அதில் பேரம் வேண்டாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், ஆறியதும் பழையபடி பிடிக்கிறது என்றால் அது சூட்டின் வேலையாக இருக்கலாம். பெடல் பஞ்சு போல அமுங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரேக் ஆயிலை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. எத்தனை பேர் மாற்றுகிறோம்? டிஸ்க் விலையோடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு. பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால்தான் டிஸ்க் மேல் பலமான சந்தேகம் வரவேண்டும். அப்போதும் டயல் கேஜ் வைத்துக் கோணலைக் காட்டச் சொல்லுங்கள்.

கிளட்ச் கொஞ்சம் தந்திரமானது. ஏற்றத்தில் அரைக் கிளட்ச்சில் நின்றால் புது பிளேட்டும் கருகி வாடை அடிக்கும். வாடை வந்ததாலேயே பிளேட் போய்விட்டது என்று ஆகாது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆளில்லாத நேரான ரோட்டில், நாலாவது கியரில் நாற்பது வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். எஞ்சின் மட்டும் கத்தி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறினால் உடனே பிரிக்க அவசரமில்லை. கேபிள் வைத்த வண்டியென்றால் பெடல் ஃப்ரீ பிளேயைச் சரிசெய்து பார்த்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அதேசமயம், உண்மையிலேயே வழுக்குகிறது என்று தெரிந்துவிட்டால், பிளேட் மட்டும் போடுங்கள் என்று கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் சேர்த்து மாற்றச் சொல்வது கொள்ளையல்ல. கியர் பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. அதை இரண்டு தடவை கொடுப்பானேன்?

வண்டி சூடானதும் "ஹெட் கேஸ்கெட் போயிட்டு, எஞ்சினைப் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டால் வயிறு கலங்கும். கலங்குவதற்கு முன்னால் சின்ன விஷயங்களைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்: ரேடியேட்டர் மூடி, ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன் ரிலே. கேஸ்கெட்தான் என்றால் நிரூபிக்க வழிகள் உண்டு. ரேடியேட்டரில் காற்றழுத்தம் கொடுத்து அது இறங்குகிறதா என்று பார்க்கலாம். கூலண்டில் எரிபுகை கலந்திருந்தால் நிறம் மாறும் திரவச் சோதனை இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளவை எண்ணாக எழுதித் தரலாம். மூன்றில் ஒன்றுகூடச் செய்யாமல் எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடிப்பக்கம் கல் தட்டியது தனி. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, நீங்கள் கீழே நின்று பார்க்க வேண்டும். லோயர் ஆர்ம் ஆடுகிறது என்றால் கம்பியை வைத்து நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். சில வண்டிகளில் புஷ்ஷோ பால் ஜாயிண்ட்டோ தனியாகக் கிடைக்கும், முழு ஆர்ம் தேவைப்படாது. ஆயில் சம்ப் நசுங்கியிருந்தால் கையோடு போட்டோ எடுத்துக்கொண்டு, ரிப்பேருக்கு முன்பே இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். ஒழுகுவது தெரிந்தும் ஓட்டி எஞ்சின் பிடித்துக்கொண்டால், அந்த எஞ்சின் செலவைச் சாதாரண பாலிசி தராது.

டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போடுவார்கள். என்ன கோடு வந்தது என்ற எண்ணை எழுதி வாங்குங்கள். கோடு என்பது எந்தச் சர்க்யூட்டில் குறை என்றுதான் சொல்லும். எந்தப் பார்ட்டை மாற்று என்று சொல்லாது. தமிழ்நாட்டிலேயே அதிக மழை வாங்கும் இடங்களில் ஒன்று ஊத்து. அங்கே நனைந்து வந்த வண்டியில் கனெக்டரில் ஈரம் ஏறியிருக்கலாம், நிறுத்திய இடத்தில் எலி ஒயரைக் கடித்திருக்கலாம். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்து, அதே எண் மறுபடி வருகிறதா என்று பார்த்த பிறகு சென்சார் வாங்கலாம்.

யாரிடம் போவது

முதல் ஒர்க்‌ஷாப் சொல்லும் ஆளிடம் வேண்டாம், பக்கத்துக் கடையும் வேண்டாம். நோய்க்குத் தக்க ஆள் வேண்டும். டீசல் வண்டியில் புகை என்றால் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கும் கடை. மின்கோளாறு என்றால் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். டிஸ்க்கை அளக்க ஒரு நல்ல லேத் பட்டறை போதும். உங்கள் கம்பெனி வண்டியையே தினமும் பார்க்கிற தனி மெக்கானிக் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் காட்டியது தனி ஆளிடம் என்றால், இரண்டாவதாகக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கட்டணம் கட்டிச் சோதனை மட்டும் செய்து வாங்கலாம். அம்பை, கல்லிடை டாக்ஸி ஸ்டாண்டில் மாஞ்சோலைக்கு வாடகை ஓட்டுகிற டிரைவர்களிடம் பிரேக்கும் கிளட்சும் யாரிடம் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். மலை ஏறிப் பிழைக்கிறவர்கள் சொல்லும் பெயருக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது.

போனதும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணாச்சி, பார்த்துச் சொல்லுறதுக்கு மட்டும் உங்க கூலி என்ன? வேலை இப்போ கிடையாது." கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்வதில் ஒரு பயன் இருக்கிறது. வேலை தனக்கு வரும் என்ற எண்ணமில்லாமல் பார்க்கிறவர் கண்ணில் வண்டி வேறு விதமாகத் தெரியும். இலவசமாகப் பார்க்கிறேன் என்பவரிடம் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

முதல் ஆள் சொன்னதை வாய்க்குள்ளேயே வைத்திருங்கள்

எல்லாரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறோம். இரண்டாவது மெக்கானிக்கிடம் போய் "கிளட்ச் போயிட்டுன்னு சொல்லுதாங்க, நாப்பதாயிரம் கேக்காங்க, சரியா?" என்று கேட்கிறோம். அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே விடையைக் கையில் கொடுத்துவிட்டோம். இனி அவர் கிளட்ச்சைத்தான் பார்ப்பார். விலையும் தெரிந்துவிட்டதால் "முப்பத்தஞ்சுக்கு முடிச்சுத் தாரேன்" என்பார். ஐயாயிரம் மிச்சம் என்று மகிழ்ந்து திரும்புவோம். கிளட்ச் போகவே இல்லை என்றால் மிச்சம் எங்கே?

நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நேத்து மாஞ்சோலை போய் வந்தோம். ஏறும்போது நாலுமுக்குப் பக்கம் கருகின வாடை. இறங்கும்போது பிரேக் ஒரு தடவை அமுங்கிச்சு, அப்புறம் சரியாப் பிடிச்சுது. பள்ளத்துல விழுந்தப்போ இடது முன்பக்கம் டொக்குன்னு சத்தம்." அதற்கு மேல் வாயைத் திறக்காதீர்கள். அவரே ஓட்டிப் பார்க்கட்டும், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கண்டதை ஒரு தாளில் தேதி, கிலோமீட்டரோடு எழுதிக் கொடுத்த பிறகு முதல் எஸ்டிமேட்டை எடுத்துக் காட்டலாம்.

இருவரும் ஒரே குறையைச் சொன்னால் சந்தேகம் தீர்ந்தது. இனி விலைப் பேச்சு மட்டும்தான். அப்போது பார்ட் நம்பர் கைகொடுக்கும். ஒன்று கம்பெனி பார்ட், இன்னொன்று வெளி பிராண்ட், மூன்றாவது லோக்கல் என்றால் விலை மாறத்தான் செய்யும். பாக்கெட்டில் எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள். பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் லோக்கல் பார்ட் வேண்டாம் என்பது என் கட்சி. இருவரும் வேறு வேறு சொன்னால் மூன்றாவது கருத்து தேடி அலையாதீர்கள். இருவரில் யார் சொல்வது சரி என்று காட்டும் ஒரே சோதனை எதுவோ அதை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

சில நேரம் இந்த அலைச்சலே கூடாது. பெடல் தரைவரை இறங்குகிறது, வெப்ப முள் சிவப்பில் நிற்கிறது, ஆயில் விளக்கு எரிகிறது, ஸ்டீயரிங் ஆடுகிறது என்றால் வண்டியை இன்னொரு கடைக்கு ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள் அல்லது ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். மலைமேல் அப்படி ஆனால் சிக்னல் கிடைப்பதும் சந்தேகம்; செக்போஸ்ட்டுக்குப் போகும் வண்டியில் தகவல் சொல்லி அனுப்புவதே வழி.

வாரண்டி பயம்

"வெளியில் காட்டினால் வாரண்டி போயிரும்" என்று சொல்லிப் பலரைக் கட்டிப்போடுகிறார்கள். ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-இல் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்ததுதான் குற்றம். வெளியில் வேலைக்குக் கொடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, வெளி வேலையால் பழுதான அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. எப்படியானாலும் காட்டுவது வேறு, பிரிப்பது வேறு. வாரண்டி உள்ள வண்டியை வெளியில் சோதிக்கலாம், ஆனால் வாரண்டியில் கேட்கப்போகும் பார்ட்டை வெளியில் பிரிக்க விடாதீர்கள். 2022-இல் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தில் வாகனங்களும் ஒரு பிரிவு. உங்கள் கம்பெனி அதில் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் பழைய பார்ட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பிளேட்டையும் டிஸ்க்கையும் அங்கேயே அளந்து பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பில் இல்லாத சலுகை, புகார் கொடுக்கும் நாளில் சலுகையாக இருக்காது. செய்யாத வேலைக்குக் காசு வாங்கியது தெரிந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில், பழைய பார்ட்டின் போட்டோ, இரண்டாவது மெக்கானிக் தேதி போட்டு எழுதிய தாள் ஆகிய ஐந்தையும் நகல் எடுத்து இணைத்துவிடுங்கள்.